ஒரு கைப்பிடித் தவிடு

பத்து வினாடிக்குள் அமுக்க வேண்டும். உண்மையா, பொய்யா. மூன்று தடவை அமுக்காமல் விட்டால் வேலை போய்விடும். சுகப்பிரியா ஒரு தடவைகூட விட்டதில்லை.

காலை பதினொன்று பத்துக்கு, ஆஸ்பத்திரி மாடியிலிருந்த கண்காணிப்பு அறையில் ஏழாம் திரை சிவந்தது. பிரசவ வார்டு, பதினான்காம் கட்டில். பெற்று இரண்டு நாளான ஒருத்தி பிள்ளையைத் துணியோடு தூக்கிப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுக்கிறாள். வாங்கினவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து இவள் நைட்டிமேல் கிடந்த துண்டில் போடுகிறாள். இவள் துண்டைச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். தோள் குலுங்குகிறது. பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரையின் அடியில் எழுத்து ஓடியது. "குழந்தை கைமாறியது. பொருள் பெறப்பட்டது. தாய் முகம் திருப்பினார். விற்பனை என ஐயம்."

பயிற்சியில் காட்டிய படம் அச்சு அசலாக இதேதான். ஏழு, ஆறு, ஐந்து என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. சுகப்பிரியா 'உண்மை'யை அமுக்கினாள்.

"சரியான முடிவு. நன்றி, சுகப்பிரியா" என்றது திரை. கீழே வார்டுக் கதவு பூட்டிக்கொள்கிற சத்தம் மாடிவரை கேட்டது.

பிள்ளைத் திருட்டைத் தடுக்க வந்த அந்தத் திட்டத்துக்குத் 'தொப்புள்' என்று பேர். கவிதை எழுதுகிறவன் எவனோ கோட்டையில் உட்கார்ந்திருக்கிறான் போல. பிள்ளை பிறந்ததும் காலில் ஒரு காப்பு மாட்டுவார்கள். தாயின் தோல் வாடை, நாடித் துடிப்பு, குரல் எல்லாம் அதற்குள் போய்விடும். தாயைவிட்டுப் பத்தடி நகர்ந்தால் காப்பு கத்தும், கதவு பூட்டும்; பிறகு பணியாளர் அட்டைக்கு மட்டும்தான் திறக்கும். வீட்டுக்குப் போனபின் பகலில் நூறடிவரை விடும்; ராத்திரியில் தாயும் பிள்ளையும் ஒரே கூரைக்குள் படுக்க வேண்டும். ஐந்து வயது முடிகிறவரை கழற்ற முடியாது. 'உண்மை' என்று அமுக்கிவிட்டால் தாயோடு உள்ள கட்டு அவிழ்ந்துவிடும்; பிறகு அவள் தொட்டாலே கத்தும். பிள்ளையின் காலோடு சேர்ந்து அதுவும் பெரிதாகும். இதெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைக்கு மட்டும்தான். ஏசி அறையில் பெறுகிறவள் பிள்ளையை விற்கமாட்டாள் என்று எந்த இயந்திரத்துக்கும் யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இருந்தாலும் சுகப்பிரியா அதை நம்பினாள். நம்பக் காரணமும் இருந்தது. தொப்புள் வருவதற்கு முன்னால் இதே வார்டில் வெள்ளைக்கோட்டு போட்ட ஒருத்தி, "ஊசி போடணும், குடும்மா" என்று வாங்கிக்கொண்டு போன பிள்ளை கடைசிவரை கிடைக்கவே இல்லை. போன வருசம் ஒருத்தியைச் சுகப்பிரியாவே பிடித்தாள். கட்டைப்பைக்குள், துவைத்த துணிக்கு அடியில் பிள்ளை மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தது. தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது எதற்கு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். துப்புரவு வேலை பார்க்கிற செல்லத்தாய் துடைப்பத்தோடு உள்ளே வந்து விழுந்தாள்.

"ஏ பிள்ளை! என்னத்தடி அமுக்கித் தொலைச்ச?"

"பதினாலாம் கட்டில் பொண்ணு பிள்ளைய வித்துட்டாக்கா. நான்தான் பார்த்து—"

"வித்தாளா? தவிட்டுக்குக் குடுத்தாடி! தவிட்டுக்கு!"

சுகப்பிரியாவுக்கு விளங்கவில்லை.

"அந்த நாகஜோதிக்கு மூத்தது ரெண்டும் தங்கல. ஒண்ணு மூணாம் நாளு போச்சு, ஒண்ணு நாலாம் மாசம். இதாச்சும் நெலைக்கட்டும்னு, பிள்ளைக நெலைச்சவ கையில தவிட்டுக்குக் குடுத்துட்டு, அதே தவிட்டைக் குடுத்துத் திரும்ப வாங்குறது. எமன் வந்து பாத்தா, இது அவ பிள்ளை இல்லன்னு போயிருவான்ல? திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். தவிடும் எங்க வீட்டு மாட்டுக்கு வச்சிருந்ததுதான். காலையில நான்தான் முடிஞ்சு கொண்டாந்தேன்."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உங்கப்பன் பேரு என்ன?"

"பிச்சை."

"ராஜான்னு பேரு வைக்கத் தெரியாமலா பிச்சைன்னு வச்சாக? அந்தாளையும் எவளோ ஒருத்தி தவிட்டுக்கு வாங்கித் திருப்பிக் குடுத்திருப்பா. அதனாலதான் நீ பொறந்து, படிச்சு, இந்தக் குளுகுளு ரூம்ல உக்காந்து எங்களை அமுக்கிக்கிட்டு இருக்க."

சுகப்பிரியா ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் படித்தவள். அப்பாவின் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாளே தவிர, அது எப்படி வந்தது என்று கேட்டதில்லை. படத்தைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டினாள். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் அந்த அறையில் எல்லாரும் வேலை பார்ப்பார்கள். நாற்பது பிள்ளைகளின் அழுகையை எட்டு மணி நேரம் காதில் வாங்கினால் மண்டை வெடித்துவிடும். இப்போது கேட்டது. பக்கத்துக் கட்டில் ஜெய்னம்புவின் குரல், சிரிப்போடு: "இந்தா தவிடு. இனி இது எம்பிள்ளை. திரும்பிப் பாக்காதத்தா, பேரம் கெட்டுப்போயிரும்." சுற்றி நாலைந்து கட்டிலிலிருந்து சிரிப்பு. அரை நிமிடம் கழித்து நாகஜோதி சந்தோசமாகத் திரும்பிக் கை நீட்டுகிறாள். அந்தக் கை பட்டதும் காப்பு வீலென்று கத்துகிறது.

சுகப்பிரியா சென்னை மையத்துக்குப் போன் போட்டாள். ஆதர்ஷ் என்று ஒருவன் எடுத்தான். மரியாதையான, களைத்த குரல்.

"கட்டு அவிழ்ந்துடுச்சு மேடம். திருப்பிக் கட்ட எங்ககிட்ட வழி இல்லை."

"நான் தப்பா அமுக்கிட்டேன் சார்."

"பொருள் கை மாறிச்சா, இல்லையா?"

"தவிடு சார்."

"அது என்னது? போதைப் பொருளா?"

"நெல்லு குத்தினா வருமே, அது சார். மாட்டுக்குப் போடுறது."

"மாட்டுத் தீவனத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தாங்கன்னு நான் எழுதினா கேஸ் இன்னும் மோசமாகும், மேடம்."

"அது சடங்கு சார். பிள்ளை சாகக் கூடாதுன்னு செய்றது."

"இருக்கலாம். ஆனா சடங்குன்னா விட்டுடலாம்னு ஒரு விதி போட்டா, நாளைக்கு நிஜமா விக்கிறவனும் ஒரு முடிச்சுத் தவிட்டோட வருவான். அப்ப நீங்க எதை அமுக்குவீங்க?"

அதுதான் எரிச்சல். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. முழுக்க முட்டாளாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"முறையீடு போடலாம். மூணு பேர் கமிட்டி, தொண்ணூறு நாள். தாய்மேல வழக்கு கிடையாது, சட்டம் ரொம்பக் கருணையானது. பிள்ளை மட்டும் அதுவரை காப்பகத்துல இருக்கும். வண்டி கிளம்பிடுச்சு, பன்னிரண்டே காலுக்கு அங்க வரும். அப்புறம் மேடம், 'குழந்தையை வாங்கியவர் யார்'ங்கற கட்டம் காலியா இருக்கு. நிரப்பிடுங்க. தரகர்னா போலீசுக்குப் போகும்."

"தொண்ணூறு நாள் தாய்ப்பால் இல்லாம இருக்கணுமா சார்? ரெண்டு பிள்ளை செத்தவ சார்."

"பால் பவுடர் இருக்கும் மேடம்" என்றான் ஆதர்ஷ். அவன் நல்லவன்தான் போல. அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

மணி பதினொன்று முப்பத்தைந்து. சுகப்பிரியா டேப்லெட்டில் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். தரகர். உறவினர். பணியாளர். பால்தாய். மற்றவர். நாலாவதில் விரல் நின்றது. பெற்றவள் மயங்கிக் கிடந்தாலோ, செத்துப்போனாலோ, பிள்ளை பட்டினியில் வாடாமல் இருக்கப் பக்கத்துப் பச்சை உடம்புக்காரி பால் கொடுப்பாள். அவளைத் தாயாகக் கட்டிக்கொள்ளத் தொப்புளில் வழி இருந்தது. கீழே பொடி எழுத்தில் விதி: கட்டு அவிழ்ந்த குழந்தைக்குப் பால்தாயே தாய். அவளிடமிருந்து குழந்தையை நகர்த்துதல் கூடாது. கால் மணி நேரம் மார்பில் பாலருந்தினால் கட்டு உறுதியாகும்.

பொய்ப் பதிவுக்கு மூன்று வருசம் சிறை என்பதும் அதே பொடி எழுத்தில்தான் இருந்தது. சுகப்பிரியா 'பால்தாய்' என்று அமுக்கிவிட்டுப் படிக்கட்டில் ஓடினாள்.

வார்டுக்குள் நாகஜோதி தரையில் கிடந்தாள். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள். ஜெய்னம்பு கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் ஒரு பக்கம் தன் மகள், இன்னொரு பக்கம் இந்தப் பையன் என்று இரண்டையும் அணைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு பெண் பெற்றவள், நாலும் நிலைத்தவள். அதற்காகத்தான் செல்லத்தாய் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"அக்கா, அந்தப் பையனுக்கு நீங்க பால் கொடுங்க. உடனே."

நாகஜோதி தரையிலிருந்தே சீறினாள். "எதுக்கு? என் பாலு என்ன வத்தியா போச்சு?"

"உங்க கை பட்டாலே கத்துதே! வண்டி வருது, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இந்த அக்கா பாலைக் குடிச்சுட்டான்னா தூக்க முடியாது."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அமுக்கியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஜெய்னம்பு கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பையனின் நெற்றியையே பார்த்தாள். காலையில் சிரித்த முகம் இல்லை அது.

"குடுக்கலாம்தா. ஆனா ஒண்ணு. தவிடு வாங்குனது வெளாட்டு, திருப்பிக் குடுத்திருவேன். எங்கள்ல பாலு அப்படி இல்ல. எம்மாருல குடிச்சுட்டான்னா அவன் எனக்குப் பிள்ளை. எம்மகளுகளுக்குக் கூடப்பொறந்தவன். நாளைக்கு இவளுக்கும் அவனுக்கும் கல்யாணம் பேச முடியாது."

"ஆமா, இப்பவே பந்தக்கால் நடப் போறாக!" என்றாள் செல்லத்தாய். "குடு தாயி, வண்டி வந்துரும்."

"சிரிக்காத செல்லத்தாயி. அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும். பொய்க்குத் தாயாக எனக்குத் தெரியாது. ஆயிட்டா ஆனதுதான்."

நாகஜோதி கட்டில் காலைப் பிடித்து எழுந்தாள். நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அப்ப நெசமாவே ஆயிருங்கக்கா."

மணி பதினொன்று ஐம்பது. ஜெய்னம்பு பிஸ்மி சொல்லிப் பையனை மார்பில் வைத்தாள். அவன் குடிக்கவில்லை. முகத்தை முகத்தைத் திருப்பினான். இரண்டு நாளாகப் பழகிய வாடை இது இல்லை. ஜெய்னம்புவின் மகள் தன் பங்கு போகிறதென்று தெரிந்தவள் மாதிரி வீறிட்டாள். நாகஜோதி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஜெய்னம்பு இரண்டடிக்குள் இருந்ததால் அந்தக் காப்பு கத்தவில்லை.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து ஐந்து. பையன் அழுதானே தவிர வாய் வைக்கவில்லை.

"அந்தப் பக்கம் வச்சா குடிக்க மாட்டான்" என்றாள் நாகஜோதி. "இடப்பக்கம் வைங்க. தலையை ஒசத்திப் பிடிங்க. உள்ளங்காலைச் சுண்டாதீங்க, கோவம் வரும் அவனுக்கு. கன்னத்தை, இப்படி, விரல் பொறத்தால தடவுங்க."

ஜெய்னம்பு தடவினாள்.

"மெல்ல. இன்னும் மெல்ல. 'என்னடா தொர'ன்னு சொல்லணும்."

"என்னடா தொர" என்றாள் ஜெய்னம்பு.

பையன் பிடித்துக்கொண்டான். காப்பு மஞ்சளாக மாறியது; கட்டு உறுதியானால் பச்சையாகும். நாகஜோதி இந்தத் தடவை கண்ணைத் திருப்பவில்லை. தன் பிள்ளையின் தாடை இன்னொருத்தி மார்பில் ஏறி இறங்குவதை, ஒவ்வொரு மடக்காக, பார்த்துக்கொண்டே நின்றாள்.

பன்னிரண்டு எட்டுக்கே வண்டிச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு வராதவர்கள் அன்றைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். காப்பு இன்னும் மஞ்சள்தான். வாசலில் காப்பக அதிகாரி, பின்னால் துணிக்கூடையோடு இரண்டு பேர். செல்லத்தாய் வாளித் தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

"ஏம்மா, நில்லுங்க! பினாயில் ஊத்தியிருக்கு, வழுக்கும்! போன வாரம்தான் ஒரு டாக்டரம்மா விழுந்து இடுப்பு போச்சு."

"நாங்க அவசரமா—"

"விழுந்தா அதைவிட அவசரம்மா. பச்சை உடம்புக்காரிக இருக்கிற எடம், கிருமி கால்ல ஒட்டிக்கிட்டுப் போயிரும். இந்தா, தொடச்சுட்டேன், இந்தா."

ஒரே இடத்தை நாலு தடவை துடைத்தாள். சுகப்பிரியாவின் கண் காப்பைவிட்டு அகலவில்லை. அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்துவிட்டார். அவர் கட்டிலை அடையவும் காப்பு பச்சைக்கு மாறவும் சரியாக இருந்தது.

அதிகாரி தன் டேப்லெட்டைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். பேச்சு மெத்தென்று இருந்தது. "தாய், ஜெய்னம்பு. பால்தாயா?"

"ஆமா."

"பெத்தவங்க யாரு?"

யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. நாகஜோதியிடம் வந்தார். "பயப்படாதீங்கம்மா. உங்கமேல கேஸ் எதுவும் இல்லை. பால்தாய்கிட்டேயே பிள்ளை இருக்கணும்னா, நீங்க உங்க வாயால உரிமையை விட்டுக் கொடுக்கணும். மூணு தடவை சொல்லணும், பதிவாகும். சொன்னா முறையீட்டுக்குப் போக முடியாது. சொல்லலைன்னா பிள்ளையை நாங்க கொண்டுபோறோம், நீங்க கமிட்டிக்கு வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

இது சுகப்பிரியாவுக்குத் தெரியாது. பொடி எழுத்துக்கும் கீழே இன்னும் பொடி எழுத்து இருந்திருக்கிறது.

நாகஜோதி தோளில் கிடந்த பெண்பிள்ளையைச் செல்லத்தாயிடம் கொடுத்தாள். துண்டைச் சரிசெய்துகொண்டாள். தொண்ணூறு நாளா, ஆயுசுக்குமா என்று அவள் மனசுக்குள் எடை போட்டாளோ என்னவோ. மூன்றாம் நாளையும் நாலாம் மாசத்தையும் பார்த்தவளுக்குத் தொண்ணூறு நாள் என்றால் என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது.

"அது எம்பிள்ளை இல்ல" என்றாள்.

"பதிவானது. மீண்டும்" என்றது டேப்லெட்.

"எம்பிள்ளை இல்ல."

"மீண்டும்."

பையன் பால் குடித்து முடித்து, ஏப்பம் வராமல் சிணுங்கினான். அந்தச் சிணுங்கலுக்கு நாகஜோதியின் நைட்டி இரண்டு பக்கமும் நனைந்தது. பால் துண்டைத் தாண்டிச் சொட்டியது. அதிகாரி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு டேப்லெட்டில் எதையோ தேடுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்பிள்ளை இல்லம்மா."

"நிறைவு" என்றது டேப்லெட்.

அதிகாரி டேப்லெட்டை மூடிக்கொண்டு வெளியேறினார். காலிக் கூடை பின்னால் போனது. வார்டுக் கதவு திறந்துகொண்டது.

சுகப்பிரியா கட்டிலருகே வந்தாள். "அமுக்குனது நான்தான்."

செல்லத்தாய், "இப்ப எதுக்குடி இது?" என்று பல்லைக் கடித்தாள். நாகஜோதி சுகப்பிரியாவை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான் இருக்கும்.

"அமுக்குறப்ப எம்மூஞ்சியப் பாத்தியா?"

"நீங்க சுவரைப் பார்த்து..."

"அப்ப மூஞ்சி தெரியல. முதுகைப் பாத்து முடிவு பண்ணிட்ட."

அடித்திருந்தால்கூட சுகப்பிரியாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு வருசம்" என்றாள் சுகப்பிரியா. "காப்பு கழர்றவரை ராத்திரி இவங்க கூரைக்குள்ளதான் அவன் படுக்கணும். பகல்ல நூறடி."

ஜெய்னம்பு இரண்டு பிள்ளைகளையும் மடியில் ஒழுங்குபடுத்திக்கொண்டு நாகஜோதியைப் பார்த்தாள். "உம்புருசன் எங்கத்தா?"

"மலைமேல. ஏலத்தோட்டத்துல."

"கீழ எறங்குவாகளா? எங்க தெருவுல, எங்க வீட்டை ஒட்டி ஒரு வீடு காலியாக் கெடக்கு. ஓட்டு வீடுதான். மழைக்கு ஒழுகும். தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வரும்." "நடுவுல ஒத்தைச் சுவருதான். அழுதா கேக்கும்."

"அவரு எறங்குனா எறங்கட்டும், இல்லாட்டி மேலயே கெடக்கட்டும். நான் வாரேன்" என்றாள் நாகஜோதி. "கேட்டாப் போதும்க்கா."

பையன் மறுபடியும் அழுதான். அவனுக்குப் பசி தீரவில்லை. அங்கே ஒருத்தி பாலை இரண்டு பிள்ளைகள் பங்கு போட வேண்டியிருந்தது. நாகஜோதி செல்லத்தாயிடம் பாலாடை கேட்டாள். திரும்பி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நிறையப் பீய்ச்சினாள். பீய்ச்சியதை ஜெய்னம்புவிடம் நீட்டினாள். ஜெய்னம்பு வாங்கிப் பையன் வாயில் சாய்த்தாள்.

அவன் அழுகையை நிறுத்தினான். அந்தச் சுவை அவனுக்குத் தெரியும்.

காப்பின்மேல் பச்சை எழுத்து மின்னியது. தாய் அருகில் இருக்கிறார்.